கிராண்ட் மேசாவில் பரண் மேல் மூன்று நாள்

வில் எடுத்துக்கொண்டு எல்க் வேட்டைக்குப் போகிறேன், கூட வருகிறாயா என்று அலுவலக நண்பர் கேட்டபோது நிறைய நடக்க வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். அதற்காக இரண்டு வாரம் மாடிப்படி ஏறி இறங்கிப் பழகினேன். கடைசியில் மூன்று நாளும் மரத்தில் வாரால் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்ததுதான் நடந்தது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரிலிருந்து 70ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே போய், கிராண்ட் ஜங்ஷனுக்குக் கொஞ்சம் முன்னால் 65இல் திரும்பினால் கிராண்ட் மேசா. மேலே மேசை மாதிரி தட்டையான மலை, உயரம் 10,000 அடிக்கு மேல், எங்கே பார்த்தாலும் ஏரியும் குட்டையும். செப்டம்பரில் ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. அந்த உயரத்தில் முதல் ராத்திரி வந்த தலைவலியில் எனக்கு எந்த அழகும் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

எல்க் தெரியாதவர்களுக்கு: நம் கடமானை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடப் பெரிது, நன்றாக வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். செப்டம்பர் அதற்கு இணை தேடும் காலம். ஆணின் கூப்பாடு அடித்தொண்டையில் தொடங்கி, கீச்சென்று விசிலாக ஏறி, நாலைந்து உறுமலோடு முடியும். அந்த உடம்பிலிருந்து இந்தக் கீச்சுக்குரலா என்று முதல் தடவை கேட்டபோது சிரித்துவிட்டேன்.

இங்கே பெரும்பாலானவர்கள் அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் குரல் கொடுத்து, நடந்தே நெருங்கித்தான் வேட்டையாடுகிறார்கள். எங்கள் நண்பர் விஸ்கான்சின்காரர், சின்ன வயதிலிருந்து மரத்தில் உட்கார்ந்து வெள்ளைவால் மான் அடித்தவர். அவருடைய மாமனார் கொலராடோக்காரர், முகாமில் சமையல் அவர் பொறுப்பு, கிண்டலும் அவர் பொறுப்பு. வெள்ளைவால் மான் ஒரே சோளக்காட்டைச் சுற்றிச் சுற்றி வரும், அதற்குப் பரண் சரி. எல்க் இன்றைக்கு இந்தச் சரிவில் இருக்கும், நாளைக்கு மூன்று மைல் தள்ளி இருக்கும், நீங்கள் மட்டும் மரத்திலேயே காயுங்கள் என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நண்பரிடம் ஒரு சேற்றுக்குழி இருந்தது.

இந்தப் பருவத்தில் ஆண் எல்க் சேற்றில் சிறுநீர் கழித்து அதிலேயே புரளும். ஊற்றுநீர் தேங்கிய பள்ளம், கறுப்புச் சேறு, ஓரத்து மரங்களில் சேறு தேய்ந்த தடம், கிட்டப் போனாலே மூக்கைப் பிடிக்கிற வாடை. இப்படி ஒரு இடம் கிடைத்தால் பரணுக்கு அர்த்தம் இருக்கிறது. அதுவும் மழையில்லாத நாட்களில். மழை பெய்துவிட்டால் எல்லாப் பள்ளத்திலும் தண்ணீர். இந்தக் குழிக்குத்தான் வர வேண்டும் என்று எதற்கு என்ன கட்டாயம்? இரண்டாம் நாள் அப்படித்தான் போனது. நாள் முழுக்கத் தூறல், பார்த்தது ஒரு அணில்.

ஊரில் மலையடிவாரத்துக் காட்டில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்கும் பரணைப் பார்த்திருக்கிறேன், அதில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். இது அப்படியில்லை. உட்கார ஒரு துண்டு இடம், கால் வைக்க ஒரு அலுமினியத் தட்டு, அவ்வளவுதான். ஆணி, திருகு எதுவும் மரத்தில் ஏறக் கூடாது, எல்லாமே வார்ப்பட்டையால் கட்டுவது. ஸ்ப்ரூஸ் மரத்தில் இருபது அடி உயரத்தில் அவருக்கு ஒன்று, அதே மரத்தில் கொஞ்சம் மேலே பக்கவாட்டில் எனக்கு ஒன்று.

தரையை விட்டுக் கால் எடுக்கும் முன்பே உடம்பு வாரை மாட்டி, மரத்தைச் சுற்றிய கயிற்றில் கோத்துவிட வேண்டும் என்பதில் நண்பர் கறாராக இருந்தார். மேலே உட்கார்ந்த பிறகு பயமில்லையாம். படியிலிருந்து தட்டுக்கு மாறும் அந்த ஒரு எட்டில்தான் ஆட்கள் விழுகிறார்களாம். வில்லைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவது கிடையாது, மேலே போய்க் கயிறு போட்டு இழுத்துக்கொள்வது. சரி, அதற்கப்புறம்? அசையக் கூடாது. இரும வேண்டுமென்றால் சட்டைக் கைக்குள். சிறுநீருக்கு ஒரு பாட்டில், அதன் மூடியைத் திறக்கும் சத்தம் கூட அந்த அமைதியில் பட்டாசு மாதிரி கேட்டது.

முதல் நாள் சாயங்காலம் சேற்றுக்கு ஒரு பெரிய உருவம் வந்தது, நெஞ்சு அடைத்துக்கொண்டது. பார்த்தால் மூஸ், எல்க்கைவிடவும் பெரிய மான் வகை. இந்த மலைக்கு 2005 வாக்கில்தான் அவற்றைக் கொண்டுவந்து விட்டார்கள், இப்போது சொந்த வீடு மாதிரி திரிகின்றன. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றது. நண்பர் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாளைத்தான் சொல்ல வேண்டும். நண்பர் சட்டைப்பையில் ஒரு சின்ன டப்பா, அதற்குள் மில்க்வீட் விதையின் பஞ்சு. நம் எருக்கஞ்செடிக்குப் பங்காளி, அதே வெள்ளைப் பட்டு. சின்ன வயதில் நாம் ஊதிவிட்டுப் பின்னால் ஓடுவோமே, அதை இவர் காற்று பார்க்க வைத்திருக்கிறார். வெயில் இருக்கும்வரை சூடான காற்று சரிவில் மேலே ஏறும். வெயில் போனதும் குளிர்ந்து கீழே இறங்கும். எங்கள் மரம் சேற்றுக்கு மேல்பக்கம் இருந்தது, எல்க் வரும் தடம் கீழ்ப்பக்கம். அதனால் பிற்பகல் முழுக்க எங்கள் வாடை அவற்றுக்குப் போகாது. நிழல் விழுந்ததும் கணக்கு தலைகீழ். பத்து நிமிடத்துக்கு ஒரு பஞ்சு விட்டார், எல்லாம் எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கீழே கிளை முறிந்தது. கொம்புதான் முதலில் தெரிந்தது, பிறகு சேறு காய்ந்த கழுத்து. நண்பர் வில்லை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார், எழுந்ததே எனக்குத் தெரியவில்லை. 45 கெஜத்தில் அது நின்றது. அவர் எய்வது 30க்குள் மட்டும், அதுவும் விலா முழுசாகத் தெரிய நின்றால். உயரத்திலிருந்து செங்குத்தாக எய்தால் அம்பு ஒரு நுரையீரலோடு போய்விடலாம், அப்புறம் காயத்தோடு விலங்கு ராத்திரியெல்லாம் ஓடும் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்.

அப்போது எதிர்ச்சரிவின் விளிம்பில் வெயில் மறைந்தது. என் கன்னத்தில் சில்லென்று பட்டது. பக்கத்துக் கிளையில் சிக்கியிருந்த ஒரு பஞ்சு விடுபட்டு, சும்மா கொஞ்ச நேரம் நின்று, பிறகு மெதுவாகக் கீழே சேற்றுப் பக்கம் போக ஆரம்பித்தது. நாங்கள் இரண்டு பேரும் எல்க்கைப் பார்க்கவில்லை, அந்தப் பஞ்சைத்தான் பார்த்தோம். எல்க் தலையைத் தூக்கியது. ஓடக்கூட இல்லை, திரும்பி வந்த வழியே நடந்து போய்விட்டது.

முகாமில் மாமனார் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, காற்றா என்று மட்டும் கேட்டார், சூப்பை ஊற்றினார். மறுநாள் காலையில் இரண்டு பரணையும் அவிழ்த்துச் சேற்றுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு மரத்தில் அவருடையதை மட்டும் கட்டினோம், சாயங்காலக் காற்றுக்காக. எனக்குத் திங்கள்கிழமை வேலை, கிளம்பிவிட்டேன். புதன்கிழமை நண்பரிடமிருந்து செய்தி வந்தது: மறுபடியும் மூஸ்.