சருகுக்குள் இரண்டு மில்லிமீட்டர்

கொல்லிமலையின் கோயில் காடுகளில் நிலநத்தைக் கணக்கெடுப்பில் பணியாற்றிய பருவங்களில் என் வேலைநேரத்தின் பெரும்பகுதி காட்டில் அன்று, மேசை முன்னால்தான் கழிந்தது. ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான ஓடுடைய நத்தைகள் நடந்து செல்பவரின் கண்ணில் படுவதில்லை. அவை சருகுக்கு அடியில், மட்கிய இலையும் மண்ணும் ஒன்றாகக் கலக்கும் மெல்லிய அடுக்கில் வாழ்கின்றன. ஆகவே நத்தையைத் தேடி அலையாமல், அது இருக்கக்கூடிய குப்பையை அள்ளி வருவதே முறை.

எங்கே அள்ளுவது என்பதில்தான் அனுபவம் பேசும். பெருமரங்களின் வேர் இடுக்குகள், பாறையின் நிழல்பக்கம், விழுந்து மட்கும் மரத்தின் அடிப்புறம் என ஈரம் நெடுநாள் தங்கும் இடங்களே பயன் தருகின்றன. ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மழை மிகுந்த மலைகளிலோ மண்ணிலுள்ள சுண்ணாம்பு கரைந்து போய்விடுகிறது. அதனால் ஒரு வேரடியில் நிறையக் கிடைப்பதும், பத்தடி தள்ளி ஒன்றுகூட இல்லாதிருப்பதும் வழக்கமே. எங்களோடு வந்த ஊர்ப் பெரியவர், வனத்துறையின் அனுமதிக் கடிதத்தோடு வந்தவர்கள் கடைசியில் குப்பையை மூட்டை கட்டுவதைப் பார்த்துவிட்டு, “இதை எங்க தோட்டத்துல கேட்டிருந்தா வண்டி நிறையக் கொடுத்திருப்பேனே தம்பி” என்றார். ஒப்பீட்டுக்குத் தோட்டச் சருகும் தேவைப்பட்டதால் மறுநாள் அதையும் வாங்கிக்கொண்டோம்.

பிளாஸ்டிக் பையில் சருகு வெந்துவிடும் என்பதால் துணிப்பையே நல்லது. ஈரம் காய்வதற்குள் உயிருள்ளவற்றைப் பொறுக்கிவிட்டு, மீதியை நிழலில் உலர்த்திச் சலிக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவதைக் கறுப்புத் தட்டில் ஒரு கரண்டி அளவு பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், முதலில் மணலும் விதைகளும் உருண்டையான சிற்றுண்ணிகளும்தான் தெரியும். விதைக்குப் பளபளப்பு இருக்கலாம். ஆனால் நத்தை ஓட்டில் சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே ஓடும் அந்தக் கோடு இருக்காது. அக்கோட்டைக் கண் பிடித்துக்கொண்ட பிறகு வேலை வேகம் பெறுகிறது. இடுக்கி பட்டால் ஓடு நொறுங்கிவிடும் என்பதால், ஈரமாக்கிய மெல்லிய தூரிகையின் நுனியில் ஒட்ட வைத்தே எடுக்க வேண்டும். சலித்ததைத் தண்ணீரில் கொட்டினால், காற்றடைந்த வெற்றோடுகள் மிதந்து வந்து வேலையை எளிதாக்கும். ஆனால் மண் அடைத்த ஓடுகள் மூழ்கிவிடுவதால், அடியில் தங்கியதையும் பார்க்காமல் கொட்டக் கூடாது.

பெயர் கண்டறிவதில் எல்லாம் ஓட்டின் திறப்பான வாயைப் பொறுத்தது. டிப்ளொமாடினா போன்ற பேரினங்களில் ஓடு முழு வளர்ச்சி அடைந்ததும் வாயின் விளிம்பு தடித்து வெளிப்புறம் மடிகிறது. அதற்கு முந்தைய இளம் ஓட்டை வைத்துச் சிற்றினப் பெயர் சொல்வது வீண் துணிச்சல். கூம்பு வடிவ ஓடுடைய காலியெல்லா என்ற பேரினத்தில் விளிம்பு தடிப்பதே இல்லையாதலால், வளர்ந்ததா இல்லையா என்பதற்குச் சுற்றுகளை எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதிலும் உறுதி பெற உடலின் உள்ளுறுப்புகளைப் பார்க்க வேண்டும். அதற்காக உயிருள்ளதை ஓர் இரவு காற்றுக் குமிழ் இல்லாத நீரில் மூழ்கவிட்டு, உடல் வெளியே நீண்ட பின்னரே எரிசாராயத்துக்கு மாற்றுகிறோம். நேரடியாக எரிசாராயத்தில் இட்டால் அது ஓட்டுக்குள் சுருங்கிவிடும், அறுத்துப் பார்க்கவும் முடியாது.

கொல்லிமலையில் இந்த வேலையைச் செய்பவருக்கு நிலநத்தைகளை ஆராய்ந்த வில்லியம், ஹென்றி பிளான்ஃபோர்ட் சகோதரர்களின் நினைவு வராமல் இராது. இருவரும் 1855-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தவர்கள். இளையவரான ஹென்றி, திருச்சிராப்பள்ளிப் பகுதியின் கிரெட்டேசிய (டைனோசர்கள் வாழ்ந்த) காலப் பாறைகளை ஆராய்ந்தவர். கடைசிச் சுற்று மேல்நோக்கித் திரும்பிக்கொள்ளும் விந்தையான நீலகிரி நத்தைக்காக ஒபிஸ்தொஸ்டோமா என்ற பேரினத்தை 1860-இலும், வட்ட வாயும் சுண்ணாம்பு மூடியும் கொண்ட சயத்தோபோமாவை 1861-இலும் அவர்கள் நிறுவினர். கொல்லிமலை, கல்வராயன் மலை, சேர்வராயன் மலை ஆகிய மூன்றின் பெயரையும் தாங்கிய சயத்தோபோமாச் சிற்றினங்கள் உள்ளன. ‘பிரித்தானிய இந்தியாவின் விலங்கினங்கள்’ வரிசையில் 1921-இல் வந்த மெல்லுடலித் தொகுதியை இன்றும் மேசையில் வைத்துக்கொள்ளாமல் இவ்வேலை நடப்பதில்லை. அதிலுள்ள வருணனைகள் கச்சிதமானவை, இடக்குறிப்புகளோ பலவற்றில் மலைப்பெயரோடு நின்றுவிடுகின்றன. எந்தச் சரிவு, எந்த உயரம் என்ற விவரம் இல்லாததால், பழைய சிற்றினத்தையும் நம் கையிலிருப்பதையும் பொருத்துவது மிகவும் நிதானம் தேவைப்படும் காரியம். என் கணக்கில், பெயரைவிட, எங்கே எடுத்தது என்று எழுதிய இடச்சீட்டே மதிப்புள்ளது. பெயரைப் பிறகு எவரும் திருத்தலாம், இடத்தைத் திருத்த முடியாது.

சேமிப்பிலும் கவனம் வேண்டும். மர அலமாரியிலிருந்து வரும் அமில ஆவி ஓட்டை வெண்பொடியாக அரித்துவிடும். மாத்திரைக்குரிய ஜெலட்டின் கூடுகள் வசதியானவை என்றாலும், நம் மழைக்கால ஈரத்தில் இளகுவதால், மூடியுள்ள கண்ணாடிக் குப்பியே போதும் என்று நான் நினைக்கிறேன்.

நிதி தருபவர்கள் அறிக்கையில் எத்தனை சிற்றினங்கள் என்ற எண்ணைத்தான் முதலில் தேடுவார்கள். அதற்காகப் பேரினத்தோடு நிறுத்த வேண்டியதைச் சிற்றினம் வரை நீட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ‘இளம் ஓடு’ என்று எழுதிய குப்பிகள் தனிப் பெட்டியில் இருக்கின்றன. அதே வேரடியில் அடுத்த மழைக்குப் பின் முதிர்ந்த ஓடு கிடைத்தால், இரண்டையும் ஒரே லென்ஸின் கீழ் வைத்துச் சுற்று சுற்றாக ஒப்பிட்டுச் சீட்டில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.