குப்பைத்தொட்டி பார்க்க இரண்டு முறை ஸ்டான்வெல் பார்க் போன கதை

சிட்னிக்குத் தெற்கே ஸ்டான்வெல் பார்க் என்ற கடற்கரை ஊரில், குப்பைத்தொட்டி திறக்கும் வெள்ளைக்கிளிகளைப் பார்க்கப் போயிருந்தேன். ஊர் திரும்பி மூன்று நாளாகிறது, அங்கே போன பஸ் மீதான கடுப்பு மட்டும் இன்னும் அடங்கவில்லை. நாள்வாரியாகச் செலவுக் கணக்கு எழுதுகிறேன் என்று கிளம்பும் முன் சொல்லியிருந்தேன். பார்க்கலாம்.

சிட்னியில் வார இறுதி நாட்களில் ஓப்பல் கார்டில் (ரயில், பஸ்ஸுக்கான பயண அட்டை) ஒரு நாளைக்குப் பிடிக்கும் அதிகபட்சக் கட்டணம் குறைவு. டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பெருக்கியே நொந்துபோன எனக்கு அது போதாதா? சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன். சிட்னியின் பென்டில் ஹில் பகுதியில் இருக்கும் அக்கா எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். பாதி வழியில் எல்லாரையும் ரயிலை விட்டு இறக்கிவிட்டார்கள். தண்டவாளத்தில் பராமரிப்பு வேலையாம், இனி பஸ்ஸாம். முக்கால் மணி நேரம் வரிசை. வந்த பஸ்ஸில் ஏசி இல்லை, ஜன்னலும் திறக்கவில்லை. கடற்கரைக்கு இறங்கும் வளைவுகளில் எனக்கு முன்சீட்டுப் பையன் வாந்தி எடுத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கித் தெருவைப் பார்த்தால், ஒரு குப்பைத்தொட்டியைக்கூடக் காணோம்.

வண்டி வரும் நாளில்தான் தொட்டியை வாசலில் வைப்பார்கள், குப்பை வண்டி சனிக்கிழமை வராது. அது எனக்குத் தோன்றவே இல்லை. நாயோடு நடந்து வந்த ஒரு பாட்டி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எந்தக் கிழமை வர வேண்டும் என்று சொன்னார். கடற்கரையில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைத் தின்றுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினேன்.

"குப்பைத்தொட்டி பார்க்கவாடா இவ்வளவு காசு செலவழிச்சு வந்தே?" என்றாள் அக்கா.

ஆமாம், அதற்கும்தான். மஞ்சள் கொண்டை காக்கட்டூ என்ற வெள்ளைக்கிளி, வாசலில் வைத்த பெரிய சக்கரத் தொட்டியின் மூடியைத் திறந்து தின்னக் கற்றுக்கொண்டிருக்கிறது. பார்பரா க்ளம்ப், லூசி ஆப்ளின் முதலான ஆய்வாளர்கள் 2021-ல் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சிட்னிவாசிகளிடம் கேட்டபோது, 2018-க்கு முன் மூன்று வட்டாரங்களில் மட்டும் நடந்தது, 2019 கடைசிக்குள் 44 வட்டாரங்களுக்குப் போயிருந்தது தெரிந்தது. அது பரவியதும் தாவித் தாவி அல்ல, பக்கத்து வட்டாரம், அதற்கடுத்த வட்டாரம் என்று. அதாவது ஒன்றைப் பார்த்து ஒன்று படிக்கிறது. சுமார் 500 பறவைகளுக்குச் சாயத்தால் பொட்டு வைத்து அடையாளம் கண்டதில், மூடியைத் திறக்கத் தெரிந்தவை பத்தில் ஒன்றுதானாம். அதிலும் பெரும்பாலும் ஆண்கள். மற்றதெல்லாம் பக்கத்தில் காத்திருந்து, திறந்ததும் பந்தியில் உட்காரும் கூட்டம்.

பாட்டி சொன்ன கிழமையில் நாலரை மணிக்கே எழுந்து போனேன். இந்த முறை ரயில் ஒழுங்காகப் போனது, அதனால் சொல்ல ஒன்றும் இல்லை. ஏழு மணிக்குத் தெருமுனையில் நின்றேன். முதலில் வந்தது சத்தம்தான். இந்தப் பறவை அழகு, ஆனால் குரல் படுமோசம், துருப்பிடித்த இரும்பு கேட்டை இழுத்த மாதிரி. பிறகு ஒன்று வந்து தொட்டியின் முன்விளிம்பில் உட்கார்ந்தது. அலகை மூடிக்கடியில் விட்டு நெம்பியது. அரை அடி தூக்கியதும் அலகாலேயே பிடித்துக்கொண்டு, விளிம்பின் மேல் பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாகக் கீல் பக்கம் நகர்ந்தது. நடுவில் மூடி நழுவி 'டப்' என்று விழுந்தது. கொண்டையை விசிறி மாதிரி விரித்து, யாரையோ திட்டுவதுபோல் ஒரு கத்து. மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது முறை கீல் வரை நடந்து ஒரே தள்ளு, மூடி பின்னால் சாய்ந்தது. நான் கைதட்டிவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் என்னை முறைத்தார். குப்பை பொறுக்கப்போவது அவர்தானே.

ஒரு ரொட்டித்துண்டை எடுத்து இடது காலில் பிடித்துக்கொண்டு தின்றது. இரண்டு விரல் முன்னால், இரண்டு பின்னால், அச்சு அசல் கைப்பிடி. இந்த இனத்தில் ஏறக்குறைய எல்லாமே இடக்கால்காரர்கள். வெயில் முகத்தில் விழுந்தபோது கண் கறுப்பாகத் தெரிந்தது, அதனால் ஆண். பெண்ணின் கண் செம்பழுப்பு.

ஜனங்களும் சும்மா இல்லை. மூடி மேல் செங்கல் வைக்கிறார்கள், கீலில் பழைய செருப்பைச் செருகுகிறார்கள், ரப்பர் பாம்பு போடுகிறார்கள். செங்கலை அது தள்ளிவிடுகிறது. பூட்டுப் போடலாமே என்றால், வண்டியின் இயந்திரக் கை தொட்டியைக் கவிழ்க்கும்போது மூடி தானாகத் திறக்க வேண்டும். அங்கேதான் காக்கட்டூ ஜெயிக்கிறது. காசு கொடுத்துப் பறவை பார்க்கப் போகாதீர்கள். ஒரு வழிகாட்டி கேட்ட தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு போனை வைத்துவிட்டேன். இது இலவசம். ஆனால் தயவுசெய்து தீனி மட்டும் போடாதீர்கள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, மாமா காரில், சிட்னிக்குத் தென்மேற்கே இருக்கும் தெற்கு ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதிப் பக்கம் போனோம். பெட்ரோல் என் செலவு. தேடியது பளபளப்புக் கறுப்பு காக்கட்டூ. இது குப்பைத்தொட்டி ஜாதி அல்ல. நம் கடற்கரைச் சவுக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு மரம் அங்கே உண்டு, ஷீ-ஓக் என்பார்கள். அதன் காய்க்குள் இருக்கும் கடுகளவு விதைதான் இதற்குச் சாப்பாடு, அநேகமாக அது ஒன்றுதான். வயிறு நிரம்ப நாளெல்லாம் கொறிக்க வேண்டும். முட்டை ஒன்றே ஒன்று. கூடு வைக்கக் கிழட்டு யூகலிப்டஸ் பொந்து வேண்டும். அத்தனை பெரிய பொந்து விழ மரத்துக்கு நூறு வயதாவது ஆக வேண்டும். 2019-20 காட்டுத்தீயில் இதன் காடு நிறையப் போனது, இப்போது ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது.

தெற்கு ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் இதன் கிளையினம் ஒன்று உண்டு. அங்கே போசம் என்ற பிராணி ஏறி முட்டையைத் தின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்து, கூட்டுமரங்களின் அடியில் வழுக்கும் தகரத்தைச் சுற்றினார்கள். 1990-களில் 200-க்கும் குறைவாக இருந்தவை தீக்கு முன் 350-ஐத் தாண்டின. வெறும் தகரம்! போய்ப் பார்க்க ஆசைதான். விமானம், படகு, தங்குமிடம் என்று கூட்டிப் பார்த்ததோடு சரி.

ஹைலேண்ட்ஸில் நான்கு மணி நேரம் நடந்தோம். பறவை கண்ணில் படவில்லை. ஒரு மரத்தடியில் மட்டும் மென்று துப்பிய காய்கள் குவிந்து கிடந்தன, வெள்ளையாக, இன்னும் ஈரம் காயாமல். மாமா குனிந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "காலையிலதான் வந்துட்டுப் போயிருக்கு மாப்ள," என்றார். இருட்டும் வரை அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தோம். வரவில்லை.