கீரிமலைக் கேணியில் ஆடி அமாவாசை

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மாரி மழைக்கு மட்டும்தான் ஓடும். காவிரிக்கரையிலும் கங்கைக்கரையிலும் பிதிர்க்கடன் கழிக்கக் கூட்டம் கூடுகிற நாளில் எங்கள் சனம் போய் நிற்கிற இடம் வடகரையில் கடலோரமாக ஊற்றுக்கேணி இருக்கிற கீரிமலை. எங்கள் ஊர் வழக்கில் ஆடி அமாவாசை தகப்பனை இழந்தவர்கள் பிடிக்கிற விரதம், சித்திராப் பௌர்ணமி தாயை இழந்தவர்களுக்கு உரியது. அப்பாவின் ஆட்டைத்திவசம், அதாவது முதலாண்டுத் திதி, முடிந்து வந்த ஆடி அமாவாசைக்குச் சித்தப்பா, அம்மா, மாமியோடு நானும் போனேன்.

விடியவே வெளிக்கிட்டோம். காங்கேசன்துறை வீதியில் மாவிட்டபுரம் வரும்போதே சனம் நடக்கத் தொடங்கிவிட்டது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் மகோற்சவத்தின் தீர்த்தமும் இதே நாளில்தான், அதுவும் கீரிமலையில்தான். குதிரை முகத்தோடு வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இந்த நீரில் ஆடி முகம் மாறி, அந்த நன்றிக்கு முருகனுக்குக் கோயில் கட்டினாள் என்பது எங்கள் ஐதீகம். அவளுக்கும் முன்னால் கீரிமுகம் நீங்கப்பெற்றவர் நகுல முனிவர். அவர் வழிபட்ட ஈசன்தான் கேணிக்கு அருகே நகுலேஸ்வரராக நகுலாம்பிகையோடு இருக்கிறார். ஆக, தகப்பனுக்குக் கடன் கழிக்க வருகிறவர்கள் கூட்டத்துக்குள் முருகனும் தீர்த்தமாட வருகிறார். அரோகரா சத்தம் எழும்பும்போது தர்ப்பணத்துக்குக் குந்தியிருக்கிறவர்களும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

வழியில் கூரையில்லாத வீடுகள் இன்னும் நிற்கின்றன. 1990இல் போரால் இந்தப் பகுதியான வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்த பிறகு, நீண்ட காலம் இந்தப் பக்கம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். நினைத்தவுடன் வந்து முழுக முடியாது. அந்த ஆண்டுகளில் அப்பா தன் ஐயாவுக்கு யாழ்ப்பாணப் பட்டினத்து வில்லூன்றித் தீர்த்தத்தில்தான் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். வில்லூன்றி குறைந்த தீர்த்தம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆடியிலும் வீட்டில் கீரிமலைப் பேச்சுத்தான். சித்தப்பா இதைச் சொல்லிக்கொண்டே நடந்தார், நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.

சோளகக் காற்று, அதுதான் தென்மேற்குக் காற்று, தரைப்பக்கமிருந்து வீசியதால் கடல் அடங்கியிருந்தது. முதலில் கடலில் முழுகினோம். பிறகு கேணி. இரண்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். அந்தப் பக்கம் கரிக்கிற கடல், இந்தப் பக்கம் குளிர்ந்த ஊற்று. படியில் இறங்கும்போது கால் கூசியது. தலை முழுகி எழும்பியபோது உதட்டில் பட்ட தண்ணீரில் மெல்லிய உவர் இருந்தது, கடலின் உப்பு இல்லை. பெண்களுக்கு வேறாக மறைப்புக் கேணி இருக்கிறது, அம்மா மாமியோடு அங்கே போனார்.

இந்த ஊற்றுக்கு மலையும் இல்லை, ஆறும் இல்லை. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை அதன் வெடிப்புகள் வழியாக இறங்கி, உள்ளே கடல்நீருக்கு மேலே நன்னீராகத் தங்கி, கரையோரத்தில் வழி கிடைத்த இடத்தில் பொங்குகிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் (எலுமிச்சங்காய்) கீரிமலைக் கேணியில் மிதந்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். தேசிக்காய் வந்ததோ இல்லையோ, கிணறுகளும் ஊற்றும் ஒரே நிலத்து நீர் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். நாங்கள் தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணீர்தான் இங்கே தீர்த்தம். அதனால்தான் கழற்றிப்போட்ட உடுப்பையும் பொலித்தீன் பையையும் கேணிப் படியில் கண்டபோது நெஞ்சு பொறுக்கவில்லை. தயவுசெய்து கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுபோங்கள். தண்ணீரில் எதையும் விடவேண்டும் என்று எந்தக் குருக்களும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கரையில் குருக்கள்மார் வரிசையாக இருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் வயதானவர், அவசரப்படுத்தவில்லை. தர்ப்பைப் பவித்திரத்தை மோதிரவிரலில் போட்டுத் தெற்குப் பார்த்து இருக்கச் சொன்னார். எள்ளோடு தண்ணீர் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையால் வழியவேண்டும். தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்டார். சித்தப்பா சட்டைப் பையிலிருந்து மடித்த கொப்பித்தாள் ஒன்றை எடுத்தார். அப்பாவின் கையெழுத்து. தந்தை வழி, தாய் வழி எல்லாம் அதில் வரிசையாக இருந்தது. அடியில் இருந்த பெயர்கள் பழைய ஈரத்தில் ஊறிக் கலங்கியிருந்தன. சித்தப்பா ஒவ்வொன்றாக வாசிக்க, நான் தண்ணீர் விட்டேன். அப்பாவின் பெயர் அந்தத் தாளில் இல்லை. அதை நான்தான் முதலில் சொன்னேன். தொண்டை அடைத்துவிட்டது. குருக்கள் பேசாமல் காத்திருந்து, "ஆறுதலாச் சொல்லுங்கோ தம்பி" என்றார்.

அப்புறம் நகுலேஸ்வரத்தில் மோட்ச அருச்சனை. இந்தக் கோயிலும் போர்த்துக்கேயர் காலத்தில் இடிபட்டது, போரிலும் சிதைந்தது, 2012இல் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. நெய்விளக்கு ஏற்றி, கொண்டுபோன அரிசியும் காய்கறியும் தானம் கொடுத்துவிட்டு, தண்ணீர்ப்பந்தலில் மோர் குடித்துத் திரும்பினோம்.

வீட்டில் படையல். இந்த நாளுக்கென்றே சந்தைக்கு வருகிற காத்தோட்டிக்காயை அம்மா பொரித்தார். கைப்புத்தான், ஆனால் அது இல்லாமல் எங்கள் ஆடி அமாவாசைச் சாப்பாடு இல்லை. காகத்துக்கு வைத்து, அது எடுத்த பிறகுதான் இலை போட்டோம். சாப்பாடு முடிந்ததும் சித்தப்பா ஒரு புதுக்கொப்பியைக் கொண்டுவரச் சொல்லி, பழைய தாளைப் பார்த்து எல்லாப் பெயர்களையும் என்னைக்கொண்டே எழுதுவித்தார், அப்பாவின் பெயரையும் சேர்த்து.