மூன்று அங்சானா மரங்களும் ஓர் உடைந்த கால்வாயும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறுநகரில், 1980களில் தோட்ட நிலத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்கு விடப்பட்டபோது எழுந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறேன். எங்கள் வாசலுக்கும் சாலைக்கும் நடுவே இரண்டு மீட்டர் அகலத்தில் புல்தரை ஓடுகிறது. அதன் சாலைப் பக்கம் விளிம்புக் கல். வீட்டுப் பக்கம் கால்வாய், பேச்சுவழக்கில் லோங்காங். இரண்டுக்கும் இடையில் எங்கள் வரிசைக்கு மூன்று அங்சானா மரங்கள் நின்றன. மரத்தையும் கால்வாயையும் ஒருசேரக் காப்பாற்ற முடியுமா என்று நகராண்மைக் கழகத்தோடு பதினோரு மாதங்கள் அலைந்த கதையை, இதே சிக்கலில் இருக்கும் பிற தாமான் (வீடமைப்புப் பகுதி) வாசிகளுக்கு உதவக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

2022ஆம் ஆண்டு இறுதி மழையில்தான் சிக்கல் முற்றியது. ஒரு மணி நேர மழைக்கே கால்வாய் நிரம்பித் தண்ணீர் வாசல் தாழ்வாரம்வரை ஏறியது. முதல் மரத்தருகே விளிம்புக் கல் நான்கு விரற்கடை உயர்ந்து சாலைப் பக்கமாகச் சாய்ந்திருந்ததால், சாலையில் விழுந்த நீரும் வடிய வழியின்றி அங்கேயே குளம் கட்டியது. சந்தைக்குப் புறப்பட்ட எதிர்வீட்டுப் பாட்டி அந்தக் கல்லில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அன்று மாலையே, மூன்று மரத்தையும் அடியோடு வெட்டச் சொல்லி மனு எழுத வேண்டும் என்று வரிசை முழுவதும் ஒரே குரலாகப் பேசத் தொடங்கிவிட்டது.

எனக்கு அந்த மரங்களின் பிறப்பு தெரியும். தோட்டத்துத் தவரணையில் (நாற்றுப்பண்ணையில்) வேலை பார்த்த என் தந்தையார், கூட்டுப்பணியாக அவற்றை நட்டவர்களில் ஒருவர். விதைக் கன்றுகள் அல்ல, கைப்பருமனுள்ள கிளைகளை ஆளுயரத்துக்கு வெட்டிக் கம்பம் ஊன்றுவதுபோல் ஊன்றினார்கள். அங்சானா அப்படியும் வேர் பிடிக்கும். சீக்கிரம் நிழல் தேவைப்பட்ட ஊர்களில் இந்த முறை பரவலாக இருந்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் போத்து வைத்து வளர்த்த மரத்துக்கு ஆணிவேர் இருப்பதில்லை. பக்கவேர்கள்தாம் மேல்மண்ணில் படர்ந்து மரத்தைத் தாங்குகின்றன. சங்கப் பாடல்களில் புலியோடு ஒப்பிடப்படும் வேங்கையின் இனத்தைச் சேர்ந்த இம்மரம், மழைக்குப் பின் ஒரே நாளில் பூத்து, மறுநாள் சாலையெங்கும் மஞ்சளாக உதிர்ந்து கிடக்கும். கால்வாய் அடைப்புக்கு அந்தப் பூவும் ஒரு பங்காளி என்பதை மரத்தின் மீதுள்ள பாசத்தால் மறைக்க விரும்பவில்லை.

பாசத்தால் நான் வெட்டும் மனுவில் உடனே கையெழுத்திடவில்லை. மரத்தை விட்டுவிட்டு வேரை மட்டும் வெட்டிக் கல்லைச் சீரமைக்கலாம் என்று சொல்லவும் பயந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் அடுத்த வரிசையில் ஒரு குத்தகையாளர் விளிம்புக் கல்லைச் சீரமைக்க வந்து, பேக்ஹோ இயந்திரத்தால் மரத்தின் இரு பக்கமும் வேர்களைப் பிய்த்தெடுத்துவிட்டுப் புதுக்கல் பதித்துப் போனார். ஐந்தாம் மாதம் விடியற்காலைப் புயற்காற்றில் அந்த மரம் வேரோடு சாய்ந்து ஒரு மைவி காரின் மீது விழுந்தது. வண்டியில் ஆள் இல்லாதது பாட்டன் பூட்டன் செய்த புண்ணியம்.

முதல் புகாரில் நான் செய்த பிழை இரண்டு. ஒன்று, தவறான அலுவலகத்துக்கு அனுப்பினேன். நகரை ஊடறுத்துச் செல்லும் பெரிய சாலை பொதுப்பணி இலாகாவின் பொறுப்பு. தாமானுக்குள் இருக்கும் சாலைகள் மேம்பாட்டாளரிடமிருந்து ஒப்படைக்கப்பட்டபின் ஊராட்சி மன்றத்தின், அதாவது எங்கள் ஊரில் நகராண்மைக் கழகத்தின், பொறுப்பு. இதைக் கேட்டறிய எனக்கு ஆறு வாரங்கள் ஆயின. இரண்டாவது, மலாய் மொழியில் எழுதிய கடிதத்தில் ‘லோங்காங் தெர்சும்பாட்’, அதாவது கால்வாய் அடைத்துக்கொண்டது என்று குறிப்பிட்டேன். அடைப்பு என்றால் துப்புரவுப் பிரிவு. இரண்டு பேர் வந்து, சருகை வாரி மூட்டையில் கட்டிக்கொண்டு போனார்கள். புகார் தீர்ந்ததாகக் குறுஞ்செய்தியும் வந்தது. அடுத்த கடிதத்தில் ‘லோங்காங் பெச்சா’, கால்வாய் உடைந்துவிட்டது என்று எழுதி, அருகிலுள்ள விளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறித்து, அளவுகோலை வைத்தெடுத்த படங்களையும் இணைத்தேன். கொசு பற்றியும் ஒரு பத்தி சேர்க்கலாம் என்று நண்பர் சொன்னார். சேர்த்தேன், கோப்பு சற்று வேகமாக நகர்ந்தது. அழுக்குக் கால்வாய் நீரில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு என்பதும், டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் தெளிந்த தேக்க நீரையே நாடும் என்பதும் பிறகுதான் உறைத்தது.

பொறியியல் பிரிவினர் வந்து பார்த்து, மரம் நிற்கும்வரை புதுக் கால்வாய் போடுவது வீண்செலவு என்றார்கள். நிலவனப்புப் பிரிவினர் வந்து, மரம் நலமாக இருப்பதால் வெட்டுவதற்குக் காரணமில்லை, கால்வாய் தங்கள் வேலையன்று என்றார்கள். இரண்டு பேச்சிலும் பிழையில்லை; ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை என்றாகிவிடும். ஏறக்குறைய நான்கு மாதங்கள் இப்படியே கழிந்தன. நகராண்மைக் கழக உறுப்பினரைச் சந்தித்து நாங்கள் கேட்டது ஒன்றுதான்: இரு பிரிவினரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் மரத்தடிக்கு வர வேண்டும்.

இதற்கிடையே பொறுமையிழந்த ஒரு வீட்டுக்காரர், ராத்திரியோடு ராத்திரியாக மரத்தின் பட்டையை வளையமாக உரித்துவிட்டால் ஆறு மாதத்தில் தானே பட்டுவிடும் என்று யோசனை சொன்னார். பால்மரக் (ரப்பர்) காலத்தில் கற்ற வித்தை. “அண்ணே, பட்ட மரம் உங்கள் கூரைமேல்தான் விழும்” என்றேன். சட்டத்தையும் எடுத்துக் காட்டினேன். 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 35எச் பிரிவுப்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெட்டக் கூடாது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அந்தச் சுற்றளவை அளக்க வேண்டும். அங்கே பலகைபோல் புடைத்த வேர்கள் இருந்தால் அவற்றுக்கு மேலே அளக்க வேண்டும். எங்கள் மூன்று மரங்களும் அந்த வரம்பைத் தாண்டியவை. போதாததற்கு, அவை நிற்கும் நிலமே எங்களுடையது அன்று.

கூட்டு ஆய்வு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. நிலவனப்புப் பிரிவின் தொழில்நுட்பர், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு மலாய்க்காரர், இயந்திரத்தை நிறுத்திவிட்டு மண்வெட்டியால் மட்டும் தோண்டச் சொன்னார். முதல் மரத்துக்கும் கால்வாய்க்கும் நடுவே முழங்கால் ஆழத்தில் ஒரு குழி. அதில் நான் கண்டது, அதுவரை நாங்கள் பேசிக்கொண்டிருந்த கதையைப் புரட்டிப் போட்டது. தொடைப் பருமனுள்ள வேர், கான்கிரீட்டைத் துளைக்கவேயில்லை. சுவரில் அழுத்திய உள்ளங்கைபோல் ஒரு பக்கம் தட்டையாகி அதன் ஓரமாகவே ஓடியிருந்தது. வார்ப்புத் துண்டுகள் இரண்டு சேரும் இணைப்பில் மட்டும், விரல் நுழையும் வெடிப்பு வழியாக, நனைந்த தேங்காய் நார்போல் மெல்லிய வேர்க்கற்றை உள்ளே இறங்கி, சருகையும் பூவையும் பிடித்து அணை கட்டியிருந்தது. மண்வெட்டி பட்ட இடத்தில் அங்சானாவுக்கே உரிய சிவந்த சாறு கசிந்தது.

“என்சிக், வேர்தானே இணைப்பைப் பிளந்தது?” என்று கேட்டேன். அவர் எதிரே புல்தரையில் பதிந்திருந்த டயர்த் தடத்தைக் காட்டினார். செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குப் போகும் லாரிகள், சந்திப்பில் நெரிசலைத் தவிர்க்க எங்கள் சாலையில் நுழைந்து, எதிரே வண்டி வந்தால் விளிம்புக் கல்லின் மீதேறி ஒதுங்குகின்றன. அந்தப் பாரத்தில் கால்வாய்த் துண்டுகள் இறங்கி, இணைப்பு திறந்து, நீர் மண்ணுக்குள் கசிந்திருக்கிறது. ஈரமும் காற்றும் கிடைக்கும் இடத்தில் வேர் செழிக்கும். கசிவைத் தேடி வந்த வேர் பின்னர் பருத்துப் பிளவை அகலமாக்கியது. விளிம்புக் கல்லின் கதை வேறு: அங்கே அடிமரத்தை ஒட்டிய வேரே ஆண்டுதோறும் பருத்துக் கல்லைத் தூக்கியிருந்தது. ஒரே மரத்தின் இரு பக்கச் சேதத்துக்கும் காரணம் வெவ்வேறு என்பதால் மருந்தும் வெவ்வேறாக இருக்க வேண்டியதாயிற்று.

அடுத்து, எவ்வளவு வேரை வெட்டலாம் என்ற கணக்கு. இதற்கு நெஞ்சளவு உயரத்தில் அளக்க வேண்டும். சட்டத்தின் அரை மீட்டரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தையற்கடை நாடாவில் முதல் மரத்தின் சுற்றளவு 2.4 மீட்டர், அதாவது விட்டம் சுமார் 76 செ.மீ. விட்டத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு தொலைவுக்குள் பெரிய வேர்களைத் தொடக் கூடாது, ஐந்து மடங்கு தள்ளி வெட்டுவதே நல்லது என்பது மர வல்லுநர்கள் பின்பற்றும் விதி. மூன்று மடங்கே 2.3 மீட்டர். எங்கள் மரம் விளிம்புக் கல்லிலிருந்தும் கால்வாயிலிருந்தும் தலா ஒரு மீட்டர் தொலைவில் நிற்கிறது. ஆக, எந்தப் பக்கமும் கத்தி வைக்க இடமில்லை. இரண்டாவது மரம் பின்னாளில் நட்டது. விட்டம் 35 செ.மீ., கால்வாயிலிருந்து 1.2 மீட்டர் தள்ளியிருந்தது. அங்கே கால்வாய்ப் பக்கம் மட்டும், அதுவும் குறைந்தபட்ச அளவை ஒட்டி, வெட்டலாம் என்று முடிவாயிற்று.

மூன்றாவது மரத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அதன் அடியில், மண்ணை ஒட்டி, தட்டு அடுக்கியதுபோல் பழுப்புக் காளான் முளைத்திருந்ததை எதிர்வீட்டுப் பாட்டிதான் கை நீட்டிக் காட்டினார். செம்பனையில் அடித்தண்டை அழுகச் செய்யும் கானோடெர்மாவைத் தோட்டத்தில் பார்த்துப் பழகிய கண்கள் அவை. தொழில்நுட்பர் சுத்தியலால் தட்டியபோது காலித் தகரம்போல் ஒலித்தது. இலை பசுமையாக இருந்தும் உள்ளே வெறும் கூடு. வெட்ட அங்கேயே பரிந்துரைத்தார். ஒரு மரம் போவதைப் பார்த்ததும் வெட்டும் கட்சிக்காரர்களின் வேகமும் தணிந்தது.

வேலை ஒன்பது நாட்கள் நடந்தது. முதல் மரத்தருகே உடைந்த கால்வாய்த் துண்டுகள் மூன்றை எடுத்துவிட்டு, இறங்கிய அடிமண்ணைக் கெட்டித்துப் புதியவற்றைப் பதித்து, இணைப்புகளை அடைத்தார்கள். உள்ளே இறங்கியிருந்த நார்வேரை மட்டும் கத்தரித்தார்கள். விளிம்புக் கல்லில் நான்கு மீட்டர் நீளத்தைக் கழற்றி, குட்டையான துண்டுகளாக, வேருக்கு இருபுறமும் அடித்தளம் கட்டி, மேலே பாலம்போல் ஒரு கான்கிரீட் விட்டம் வைத்தார்கள். விட்டத்துக்கும் வேருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் சல்லிக்கல். இரண்டாவது மரத்தின் வேர் ரம்பத்தால் நேராக அறுக்கப்பட்டது. பிய்ந்த வேர் அழுகும், அறுத்த வேர் ஆறும் என்றார் தொழில்நுட்பர். வெட்டிய இடத்துக்கும் கால்வாய்க்கும் இடையே கெட்டியான பிளாஸ்டிக் தடுப்புத் தகடு இறக்கினார்கள். தகட்டுக்கு அடியில் புகுந்து வேர் மீண்டும் மேலேறும் என்பதால் இது சில ஆண்டுகளுக்கு அவகாசம் வாங்கும் ஏற்பாடுதான்.

மூன்றாவது மரம் நின்ற இடத்துக்கு என்ன கன்று என்று கேட்டார்கள். வரிசைப் பெண்கள் மகிழ மரம் என்றார்கள், மலாயில் தஞ்சோங். மெதுவாக வளர்வது, பூவும் கட்டிக் கோக்க உதவும். பழைய அடிவேரை முழுவதும் அகற்றி மண் மாற்றிய பின்னரே நட வேண்டும் என்று வலியுறுத்தினேன், காளான் மண்ணில் தங்கும் என்பதால். அதற்கு மட்டும் இன்னும் மூன்று வாரங்கள் கூடுதலாகக் காத்திருந்தோம்.

லாரிகள் தாமானுக்குள் நுழைவதைத் தடுக்கும் பலகைக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. இப்போது ஒவ்வொரு ஜனவரியிலும் அந்தச் சல்லிக்கல் இடைவெளியை அளந்து, கால்வாய் மூடியின் உட்பக்கம் சாக்கட்டியால் எழுதி வைக்கிறேன். முதல் ஆண்டு ஒரு சாண். இந்த ஆண்டு அதில் ஒரு விரற்கடை குறைந்திருக்கிறது.