நல்ல செய்தி வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

சில வருடங்களுக்கு முன்பு, ரொம்ப நாள் காத்திருந்த பதவி உயர்வு எனக்குக் கிடைத்தது. மெயிலைப் படித்ததும் கை தானாக போனை எடுத்துவிட்டது, யாரைக் கூப்பிடுவது என்ற யோசனை அதற்கப்புறம்தான் வந்தது. ஒரு நண்பனிடம் பேசியே ஒரு வருடம் ஆகியிருந்தது. இன்னொருவன் கல்யாணத்துக்கே நான் போகவில்லை (வேலை இருந்தது, வேறென்ன). திடீரென்று கூப்பிட்டு இதைச் சொன்னால் பீற்றிக்கொள்வது போல இருக்குமே என்று போனைக் கீழே வைத்துவிட்டேன். ஒரே மாதத்தில் புதுப் பதவியும் பழைய வேலை மாதிரி ஆகிவிட்டது.

எதுவும் பழகிப்போகும் என்பதற்கு எல்லோரும் காட்டுவது 1978இல் பிரிக்மன் என்ற உளவியலாளரும் சகாக்களும் செய்த ஆய்வை. லாட்டரியில் பெரிய தொகை விழுந்த 22 பேரை விசாரித்ததில், அவர்கள் மற்றவர்களைவிட அப்படியொன்றும் சந்தோஷமாக இல்லை. நண்பரோடு பேசுவது, ஜோக் கேட்பது போன்ற சின்ன விஷயங்களில்கூட அவர்களுக்கு ருசி குறைந்திருந்தது. ஆனால் 22 பேரை வைத்து சத்தியம் பண்ண முடியாது. பிற்பாடு ஸ்வீடனில் பெரிய அளவில் பார்த்தபோது, பெரிய பரிசு விழுந்தவர்களின் வாழ்க்கைத் திருப்தி கூடியது, பத்து வருடம் தாண்டியும் குறையவில்லை. அதனால் பணத்தில் என்ன இருக்கிறது என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அப்படிப் பேசுகிறவர்களிடம் பெரும்பாலும் பணம் இருக்கிறது.

ஆனால் எனக்கு அன்று குறைந்தது பணமில்லை. ஹார்வர்டில் 1938இல் 268 மாணவர்களோடு ஆரம்பித்து, பாஸ்டனின் ஏழைக் குடும்பத்துப் பையன்கள் 456 பேரையும் சேர்த்துக்கொண்டு, இன்றுவரை நடக்கிற ஆய்வு ஒன்று இருக்கிறது. 80 வயதில் யார் தெம்பாக இருப்பார்கள் என்பதை 50 வயதில் இருந்த கொலஸ்ட்ராலைவிட, அந்த வயதில் உறவுகளில் இருந்த நிறைவு நன்றாகக் காட்டியதாம். இதைப் படித்தபோது அந்த போன் ஞாபகம்தான் வந்தது.

ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேராகக் குத்தியது. நல்ல செய்தியை இன்னொருவரிடம் சொல்லும்போது சந்தோஷம் கூடுகிறது, அந்தச் செய்தி தரும் சந்தோஷத்துக்கு மேலேயே. கேட்கிறவர் எப்படிக் கேட்கிறார் என்பதும் முக்கியம். “அப்படியா, எப்போ சொன்னாங்க, நீ என்ன சொன்னே?” என்று துருவுகிறவர் ஒரு ரகம், “சரி, நல்லது” என்று முடித்துவிடுகிறவர் இன்னொரு ரகம். நான் வருடக்கணக்காக இரண்டாவது ரகம், அதிலும் வாய் திறக்காமல் கட்டைவிரல் படம் அனுப்புகிற ஆள். அப்புறம் என்னிடம் யார் வந்து சொல்வார்கள், நான்தான் யாரிடம் போய்ச் சொல்வது?

போன மாதம், நான் கல்யாணத்துக்குப் போகாத அதே நண்பனிடமிருந்து மகள் பரீட்சையில் பாஸ் என்று ஒரு வரி வந்தது. விரல் பழக்கதோஷத்தில் கட்டைவிரல் படத்துக்குத்தான் போனது. அதை விட்டுவிட்டு போன் போட்டேன். எதிர்பார்க்கவில்லை போல, “என்னடா, ஏதாவது பிரச்சினையா?” என்றுதான் முதலில் கேட்டான்.