ஏழு நாளும் ஒரு கைப்பிடி வைக்கோலும்

கிறிஸ்துமஸுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதை எங்கள் வீட்டில் ஒரு மரத்தொட்டி சொல்லும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று அதைக் காலியாகக் கூடத்தில் வைப்போம். யாராவது ஒரு சிறு நன்மை செய்தால் அதில் ஒரு வைக்கோல் இழை விழும். தம்பியை அடிக்காமல் விட்டதற்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்குப் பால் வாங்கிக் கொடுத்ததற்கு ஒன்று. 24ஆம் தேதி இரவுக்குள் பாலன் இயேசுவுக்கு மெத்தை சேர்ந்துவிட வேண்டும்.

17ஆம் தேதி எண்ணிப் பார்த்தோம். மகள் கணக்கில் முப்பத்தொன்று. தனக்குத்தானே மதிப்பெண் போடுவதில் அவள் தாராளம். என் கணக்கில் நான்கு. இரவுதோறும் மாமியாரின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேனே, அதை நான் சேர்க்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே செய்வதை எப்படிச் சேர்ப்பது? அதோடு வைக்கோலும் தீர்ந்துபோயிருந்தது.

மறுநாள் விடியும் முன்பே தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறினேன். டிசம்பர் 18 திருப்பலியில் மரியாவின் கணவர் சூசையப்பரின் கனவைத்தான் நற்செய்தியாக வாசிப்பார்கள். அதை ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயத்தில் கேட்க வேண்டும் என்று பல வருட ஆசை. திருவையாற்றைத் தாண்டும்போது கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு. குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நானும் முணுமுணுத்தேன். கொள்ளிடத்தைக் கடந்து திருமானூரில் இறங்கி வேறு வண்டி மாறினேன்.

திருக்காவலூர் என்று வீரமாமுனிவர் பாடிய ஊர்தான் ஏலாக்குறிச்சி. 1680இல் இத்தாலியில் பிறந்த அந்தச் சாமியார், இங்கே அடைக்கல மாதாவுக்குக் கலம்பகம் பாடினார். சூசையப்பருக்குத் தேம்பாவணி என்ற காப்பியத்தையே கட்டினார். ‘வளன்’ என்று அவருக்குத் தமிழ்ப் பெயரும் சூட்டினார். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. வாய் திறக்காத அந்தத் தச்சருக்கு 3615 பாடல்கள்!

ஆலயத்தில் கூட்டமில்லை. பீடத்தருகே, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவர்த்திகளில் மூன்று எரிந்தன: இரண்டு ஊதா, ஒன்று ரோஜா நிறம். நான்காவதன் திரி இன்னும் வெள்ளையாக இருந்தது. நற்செய்தி வாசிக்கப்பட்டது. மரியாவை மறைவாக விலக்கிவிட நினைத்தவர், கனவு கண்டு எழுகிறார், வானதூதர் சொன்னபடி செய்கிறார். அவ்வளவுதான். எழுந்தபோது அவர் மனம் முழுதாகத் தெளிந்திருந்ததா? மத்தேயு அதைச் சொல்லவில்லை. ஆண்டவரே, எனக்கும் அந்த எழுந்திருத்தலையாவது கொடும் என்று கேட்டுக்கொண்டு, மாதா முன்னால் வெகுநேரம் முழந்தாளிட்டிருந்தேன். எழும்போது என் முழங்காலும் கடகடத்தது. மாமியார் நினைவு வராமல் இருக்குமா?

வெளியே டீக்கடை. பின்புறம் ஒரு பசு, அதன் பக்கத்தில் சிறிய வைக்கோல் போர். ஒரு கைப்பிடி கேட்டேன். “மாட்டுக்கா தாயி?” என்றார் கடைக்கார மூதாட்டி. கிறிஸ்துமஸ் குடிலுக்கு என்றதும் விபூதி துலங்கிய நெற்றியைச் சுருக்கி யோசித்தார். சம்பா இன்னும் வயலில் பச்சையாக நிற்கிற காலம். அவரிடம் இருந்தது குறுவை வைக்கோல், மேலெல்லாம் மழையில் கறுத்துப்போயிருந்தது. முழங்கை வரை போருக்குள் நுழைத்து உள்ளிருந்து உருவினார். பொன் நிறம், லேசான வெதுவெதுப்பு. “பிள்ளை படுக்கிறது, ஈரம் ஆகாது” என்று உதறி, ஊதி, வாழைநாரால் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் என் மடியிலிருந்து பக்கத்து இருக்கைக்காரர் வேட்டிவரை வைக்கோல் உதிர்ந்தது. “இதற்கும் லக்கேஜ் போடவா அம்மா?” என்றார் நடத்துநர்.

வீட்டில் கட்டைப் பிரித்ததும் முதலில் கை நீட்டியவர் மாமியார். நடுங்கும் விரல்களால் ஒரே ஓர் இழையை உருவித் தொட்டியில் போட்டார்.

“அப்பாயி, இது எதற்கு?” என்றாள் கணக்குப்பிள்ளை.

“முழங்காலுக்கு.”