விழுமம் என்ற ஒரு சொல்லை எப்படிப் படிப்பது?

உயர்தரத்தில் தமிழைப் பாடமாக எடுத்து, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலம் தாண்டி ரியூசனுக்கு வரும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி, அருஞ்சொற்களை எப்படி மனதில் வைப்பது என்பதுதான். கொப்பியில் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று எழுதி ஒப்புவிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கான காரணத்தை 'விழுமம்' என்ற சொல்லே காட்டிவிடும்.

"விழுமம் சீர்மையும் சிறப்பும் இடும்பையும்" என்கிறது, செய்யுளில் வரும் உரிச்சொற்களின் பொருளைச் சொல்லும் தொல்காப்பிய உரியியல். சிறப்புக்கும் துன்பத்துக்கும் ஒரே சொல்! பட்டியலை மட்டும் மனனம் செய்தவர் பரீட்சை மண்டபத்தில் எதை எழுதுவார்?

குறளில் தேடிப் பாருங்கள். "விழுமம் துடைத்தவர் நட்பு" (107) என்னுமிடத்தில் துடைக்கப்படுவது துன்பம். "ஒழுக்கம் விழுப்பம் தரலான்" (131) என்னும்போது, அதே 'விழு'வில் பிறந்த விழுப்பத்துக்குப் பொருள் சிறப்பு. இவை எளியவை. கவனமாக நிற்க வேண்டிய இடம் 776ஆம் குறள்:

"விழுப்புண் படாதநாள் எல்லாம் வழுக்கினுள்
வைக்கும்தன் நாளை எடுத்து."

புண் என்றதும் 'துன்பம் தரும் புண்' என்று எழுதக் கை ஓடும். முழுக் குறளையும் படியுங்கள். அந்தப் புண் படாத நாள்களையெல்லாம் வீணாய்ப் போன நாள்களோடு சேர்க்கிறான் வீரன். அப்படியானால் அது அவன் விரும்பும் புண், அவனுக்குப் பெருமை தரும் புண். முகத்திலும் மார்பிலும் பட்ட புண் என்று பரிமேலழகர் விளக்குகிறார். முதுகில் பட்ட புண்ணுக்கு இந்தப் பெயர் கிடையாது. 'விழு' என்ற ஈரெழுத்து ஒரு காயத்தையே உயர்த்திவிடுகிறது. இந்த இடத்தை மாணவர்களோடு படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைகிறது.

உரிச்சொல்லின் பொருளை "முன்னும் பின்னும் வருபவை நாடி" உணர வேண்டும் என்று அதே உரியியல் வழியும் சொல்லித் தருகிறது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் பொருள் மாறிவரும் இரண்டு அடிகளோடு எழுதிவையுங்கள். விடை எழுதும்போது, 'துடைத்தவர் என்று வருவதால் இங்கே துன்பம்' என்பதுபோல் காரணத்தையும் ஒரு வரியில் சேருங்கள். கட்டுரையில் நாம் எழுதும் 'விழுமியம்' என்ற சொல்லும் 'சிறப்பு' என்ற இந்தப் பொருளின் வழியில் வந்ததுதான்.

அடுத்ததாக, 'கடி' என்ற உரிச்சொல்லை எடுத்துக்கொள்ளலாம். காப்பு, கூர்மை, மணம், அச்சம், சிறப்பு, விரைவு என்று நன்னூல் அதற்குப் பொருள்களை அடுக்கிக்கொண்டே போகிறது. காவலுடைய 'கடிநகர்', மணமுள்ள 'கடிமலர்' ஆகிய இரண்டிலிருந்து தொடங்குங்கள்.